டோரிஸுக்கு முதல் நாளே தெரியும்

என் செல்ல மகனுக்கு,

முடிவைப் பார்த்துவிட்டேன்! முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற நலம் எல்லாம் விசாரிக்க முடியும். முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியாமல் இருந்த முடிவை, போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எங்கள் ஊர்ச் சின்னத் தியேட்டரில், மூன்றாவது வரிசையில் இருந்து, இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் வயது போய்விட்டது என்று நினைக்காதே, சந்தோஷம் தாங்கவில்லை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் இரண்டாவது வசனத்தைத் தொடங்குவதற்குள் நீ "ஸ்லாப் ஆ, மோர்" என்பாய். சும்மா இருங்கோ அம்மா என்பதை இத்தனை அன்பாகவும் இத்தனை எரிச்சலாகவும் டேனிஷில் சொல்ல உன்னைவிட்டால் ஆளில்லை. கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் வகுப்பு வரை வந்தவன், எழுத்துக்கூட்டியாவது வாசிப்பாய். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. அதற்குள் வாசித்து முடித்துவிடு, ஏனென்றால் இதில் படத்தின் முடிவு மட்டும் இல்லை, உன் அம்மா உனக்குச் செய்த ஒரு அநியாயமும் இருக்கிறது. அதை மறைத்து வைத்துக்கொண்டு உன் கல்யாணத்தில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருக்க என்னால் முடியாது.

எந்தப் படம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டில் படம் என்றால் ஒரே படம்தான். கறுப்பு வெள்ளை, இங்கிலாந்துக்காரர் எடுத்தது. ஆனாலும் இந்தக் கடிதத்தை வேறு கண்களும் பார்க்கப் போகின்றன, ஏன் என்று பிறகு சொல்கிறேன், ஆகவே கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜோன் என்ற பெண் பொலிஸ் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு லண்டனில் ஒரு சலவை ஆலையில் தொழிலாளி மாதிரி வேலைக்குச் சேருகிறாள். ஹோட்டல்களில் இருந்து வரும் அழுக்குத் துணி மூட்டைகளுக்குள் களவு நகை கைமாறுகிறது, யார் மாற்றுகிறார்கள் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து மேசையில் படுக்கை விரிப்பு மடிக்கும் டோரிஸ் அவளுக்குச் சிநேகிதியாகிறாள். கொஞ்சம் பருத்த, வாய் ஓயாத, வெள்ளை மனதுக்காரி. இரண்டு பேரும் மத்தியானம் ஒரே மர வாங்கில் இருந்து பாணைப் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். ஜோன் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போய் மேலதிகாரியிடம் டோரிஸ் சொன்னதை எல்லாம் ஒப்புவிப்பாள்.

எவ்வளவு குறைந்த செலவில் எடுத்திருக்கிறார்கள் என்று நாம் எத்தனை தரம் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்! ஆலை முதலாளியின் அறையும் பொலிஸ் மேலதிகாரியின் அறையும் ஒரே அறை, சுவரில் தொங்கும் படத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினால் சுவர் ஆடும். இருப்பது ஒரே ஒரு கறுப்புக் கார். கள்ளன் அதில்தான் ஓடுவான், பொலிசும் அதில்தான் துரத்தும், ஆகவே இரண்டையும் ஒன்றாகக் காட்டவே மாட்டார்கள். மழை யன்னலின் வலது பக்கம் மட்டும் பெய்யும். தெருவில் பனிமூட்டம் வந்தால் அப்பா, "இந்தா, காசு முடிஞ்சுது போல, புகையை அடிக்கிறாங்கள்" என்பார். அப்படிப்பட்ட படம்தான். ஆனாலும் ஜோன் முதல் நாள் ஆலை வாசலில் நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு தரமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பழக்கமில்லாத இடம், வாயைத் திறந்தால் பேச்சே காட்டிக் கொடுத்துவிடும், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவள் மாதிரி நிற்க வேண்டும். நான் இந்த இக்காஸ்ட் ஊரில் தையல் தொழிற்சாலை வாசலில் முதல் நாள் நின்றதும் அப்படித்தான். என்ன, எனக்குச் சம்பளம் ஒரு இடத்தில் இருந்துதான் வந்தது.

அப்பா அதைத் தொலைக்காட்சியில் இருந்து வீடியோ நாடாவில் பதிவுசெய்தபோது நீ என் வயிற்றில். பதிவுப் பொத்தானை அவர் தேடிப் பிடிப்பதற்குள் பெயர் ஓடி முடிந்துவிட்டது, ஆகவே படத்தின் பெயரும் நமக்குத் தெரியாது. அதை ஓட விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நித்திரையாகிவிட்டோம், முடிவை அப்பாவும் பார்க்கவில்லை. பேச்சு ஆங்கிலம், கீழே டேனிஷ் எழுத்து. நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். ஒரு துண்டு மனப்பாடமாகும் வரை அடுத்த துண்டுக்குப் போகக் கூடாது, முன்னுக்கு ஓட்டிப் பார்க்கவே கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன். என் டேனிஷ் இப்படித்தான் தொடங்கியது, அதனால்தான் அது பொலிஸ் டேனிஷ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் வந்து கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டார். நான் எழுந்து நின்று, "நேற்று மாலை முழுவதும் நான் வீட்டில்தான் இருந்தேன் ஐயா, அதற்குச் சாட்சி உண்டு" என்று சுத்தமான டேனிஷில் சொன்னேன். அந்த மனிதர் ஓய்வு பெறும் வரை என்னை "சாட்சி" என்றுதான் கூப்பிட்டார்.

இப்படி நான் ஆமை வேகத்தில் கடைசிப் பத்து நிமிஷத்தை நெருங்கும்போது நீ பிறந்துவிட்டாய். உன் ஞானஸ்நானத்தை யாரோ இரவல் கமெராவில் எடுத்தார்கள். அதைப் பிரதி பண்ண வீட்டில் வேறு நாடா இல்லை. அப்பா, பாவம், படத்தின் கடைசியில் கொஞ்சம் இடம் இருக்கும் என்று நினைத்து அதிலேயே ஏற்றிவிட்டார். விளைவு உனக்குத் தெரியும். ஆலைக் கதவு உடைகிறது, பொலிஸ் உள்ளே வருகிறது, மூட்டையோடு பிடிபடுவது டோரிஸ்! தம்பிக்காகத் தூக்கிக் கொடுத்தவள். ஜோன் தொப்பியோடு அவளுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். டோரிஸ் அவளை நிமிர்ந்து பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள். திரை ஒரு துடி துடிக்கிறது. அடுத்த கணம் சுவாமியார் தலையில் தண்ணீர் ஊற்ற நீ ஊரே கேட்க வீரிட்டு அழுகிறாய். டோரிஸ் என்ன சொல்லியிருப்பாள் என்பது நம் வீட்டு விளையாட்டாகிவிட்டது. அப்பா ஒவ்வொரு தரமும் ஒரு பகிடி விடுவார். நீ, அவள் ஓடிவிடுவாள் என்பாய். நான் மட்டும் எப்போதும் ஒன்றையே சொல்வேன், அவள் ஜோனைத் திட்டியிருப்பாள், நீ நாசமாய்ப் போவாய் என்று சொல்லியிருப்பாள். அதை நான் சொல்லும்போது கடந்த சில வருஷங்களாக என் குரல் ஏன் இறங்கிப் போனது என்று நீ கேட்டதில்லை. இன்றைக்கு நானாகச் சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முந்திய அந்த இலையுதிர்காலத்தை நினைத்துப் பார். தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், எனக்கு வேலை இல்லை. அப்பாவுக்குப் பின்னேர ஷிப்ட். நீ படிப்புக்காகத் தலைநகருக்குப் பக்கத்தில், அல்பர்ட்ஸ்லுண்டில் பிலோமினாப் பெரியம்மா வீட்டில் அறை எடுத்திருந்தாய். உனக்கு வாடகை குறைவு என்று நினைத்தாய். எனக்கு அவள் உளவாளி என்பது உனக்குத் தெரியாது, அல்லது தெரியாது என்று நான் நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அவள் எனக்கு அறிக்கை தருவாள். என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு வந்தாய், சவரம் செய்தாயா. நம் சனங்களில் யாரைத்தான் சொல்வது, இக்காஸ்டில் ஒரு பிள்ளை பேருந்துத் தரிப்பிடத்தில் யாரோடாவது சிரித்துக் கதைத்தால் அந்தப் பிள்ளை வீடு வந்து சேர முன்னர் செய்தி வந்துவிடும். ஒருவருக்கும் பயிற்சி கிடையாது, எல்லோரும் துப்பறியும் பொலிஸ். ஒரு ஞாயிறு பெரியம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது. "பிள்ளை, உன்ர பொடியன் ஒரு டேனிஷ் பெட்டையோட திரியிறான் போல கிடக்கு. அந்தப் பெட்டைக்கு கிழமை நாளில தூர இடத்தில வேலையாம், சனி ஞாயிறிலதான் ரெண்டு பேரும் சந்திக்கிறவை. நான் சொன்னன் எண்டு சொல்லிப் போடாதை."

அடுத்த சனிக்கிழமை நானே புறப்பட்டேன். அப்பாவிடம் பிலோமினா அக்காவுக்குக் கால் சுளுக்கு என்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கிய சாம்பல் நிற மழைக்கோட்டு, அப்பாவின் தொப்பி, கார்த்திகை மாதத்தில் கறுப்புக் கண்ணாடி. தாலிக்கொடியை உள்ளே தள்ளிக் கழுத்து வரை பொத்தான் போட்டேன். கையில் ஒரு டேனிஷ் பத்திரிகை. மாறி மாறி ரயில் எடுத்துப் போய் இறங்கியபோது எனக்குப் பயம் ஒன்றும் இல்லை மகனே, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது! வேலை போன பிறகு அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வேலை இருந்தது. நான் ஜோன். பெரியம்மா சொன்ன கோப்பிக் கடைக்குள் போய், மூலை மேசையில் இருந்து, பத்திரிகையைத் தூக்கிப் பிடித்தேன். நீ வந்தாய். கூடவே கட்டையாகத் தலைமயிர் வெட்டிய, உயரமான ஒரு பெண். அவள் ஏதோ சொல்ல நீ சிரித்தாய். உன் பல் எல்லாம் தெரியச் சிரித்தாய். வீட்டில் நீ அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் என்று நான் எண்ணிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த தகவலில் அதுதான் முக்கியமான தகவல், ஆனால் அதை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.

அங்கே ஒரு அதிசயமும் நடந்தது. நான் விரலால் காட்டி வாங்கிய கேக்கை முடித்துவிட்டுக் கோப்பியைக் குடித்துக்கொண்டிருக்க, பரிமாறும் பெண் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே தேங்காய்ப்பூவும் மண்ணிறச் சீனியும் உருகி ஒட்டியிருக்கும் கேக், எனக்கு உயிர் என்று உனக்குத் தெரியும். நான் கேட்கவில்லையே என்றேன். இது உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டென்மார்க்கில் இப்படியும் ஒரு கடையா என்று எனக்கு ஒரே புளகாங்கிதம். ஏழு வருஷமாகக் கோயிலில் எல்லாரிடமும், அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு கேக் வாங்கினால் இன்னொன்று சும்மா கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெரியம்மா அதை நம்பிப் போய், ஒன்றை வாங்கிவிட்டு மற்றதற்காகக் காத்து நின்று அவமானப்பட்டு வந்ததை நீயும் அறிவாய்.

இப்போது அநியாயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும், சண்டை வந்தால் நீ வென்றிருப்பாய். நான் செய்தது இதுதான். திங்கட்கிழமை உனக்கு அழைத்து, "அப்பாவுக்கு பிரஷர் கூடிப்போச்சு ராசா, டொக்டர் கவனமா இருக்கச் சொல்லிப் போட்டார். நீ வந்து பக்கத்தில இருந்தா மனுசனுக்கு ஒரு தெம்பு" என்றேன். நீ அந்த வெள்ளிக்கிழமையே வந்தாய். கையில் பிரஷர் பார்க்கும் புது மெஷின். அடுத்த வெள்ளியும் வந்தாய், அதற்கடுத்த வெள்ளியும். அந்தக் குளிர்காலம் முழுவதும் உன் சனியும் ஞாயிறும் எங்கள் வீட்டில் கழிந்தன. உனக்கும் அவளுக்கும் இருந்ததே அந்த இரண்டு நாள்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அப்பாவுக்கு ஒரு பிரஷரும் இல்லை. மாசி மாதத்தில் பெரியம்மா அறிக்கை தந்தாள், பொடியன் அறையை விட்டு வெளியில் வருவதில்லை, கறி வைத்தால் தொடுவதில்லை, அந்தப் பெட்டையும் இப்போது இல்லை என்று. நான் கோயிலுக்குப் போய் நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன். என் சொந்தப் பிள்ளையின் துக்கத்துக்கு நான் மெழுகுதிரி கொளுத்தினேன் மகனே. இதை எழுதும்போது வெட்கத்தில் என் காது சுடுகிறது.

நீங்கள் இரண்டு பேரும் பிறகு எப்படி மறுபடி சந்தித்தீர்கள் என்பது உங்கள் கதை, அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை, முதல் தடவையாக. இரண்டு வருஷத்துக்கு முன் நீ ஆனெயை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே உயரம், அதே கட்டைத் தலைமயிர்! நான் ஒரு சொட்டும் முகத்தில் காட்டவில்லை. "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று கைகொடுத்தேன். அவளும் மகிழ்ச்சி என்றாள். ஜோனால்கூட அப்படி நடித்திருக்க முடியாது என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். யாருடைய நடிப்பு பெரிது என்று இப்போதுதான் தெரிகிறது.

போன வாரம் அவள் கல்யாணச் சேலைக்குச் சட்டை அளவு கொடுக்க இக்காஸ்டுக்கு வந்தாள். நான் அவள் தோளை அளந்துகொண்டிருக்க, மேசையில் கிடந்த தியேட்டர் துண்டுப் பிரசுரத்தை அவள் சத்தமாக வாசித்தாள். தொண்டர்கள் நடத்தும் தியேட்டர், ஞாயிறு பின்னேரம் பழைய படம், கோப்பியும் உண்டு. "பெண் பொலிஸ் ஒருத்தி லண்டன் சலவை ஆலை ஒன்றில்..." என்று வாசித்தாளோ இல்லையோ, என் கையில் இருந்த அளவு நாடா கீழே விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் அப்பா குளியலறையில் இருந்து பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார். "என்னப்பா, என்ன நடந்தது?" "படம்! எங்கட படம்!" அவர் சவர்க்கார நுரையோடு கதிரையில் இருந்துவிட்டார். அவருக்கு ஞாயிறு வேலை. நானும் ஆனெயும் போனோம்.

மகனே, அதற்குப் பெயர் இருக்கிறது! திரையில் பெரிய எழுத்தில் வந்தது. இதில் எழுதமாட்டேன், நேரே கண்டு சொல்கிறேன். துப்புரவான பிரதி, டோரிஸின் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை இருப்பது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியவே இல்லை. சுவர் ஆடியபோது தியேட்டரில் இருந்த நாற்பது வெள்ளைக்காரரும் சிரித்தார்கள், எனக்கு நம் வீட்டாரைக் கேலி செய்த மாதிரிக் கோபம் வந்தது. பிறகு அந்த இடம் வந்தது. கதவு உடைகிறது. மூட்டை. டோரிஸ். ஜோன் முன்னால் வந்து நிற்கிறாள். டோரிஸ் வாயைத் திறக்கிறாள். நீ அழப்போகிறாய் என்று என் உடம்பு தானாகவே இறுகியது. நீ அழவில்லை. டோரிஸ் பேசினாள்.

திட்டவில்லை. "எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள். "நீ வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். எந்தச் சலவைக்காரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்? பொலிஸ்காரர்தான் அப்படி நிற்பார்கள்." ஜோனுக்கு முகம் செத்துப்போகிறது. பிறகு ஏன் சொல்லவில்லை, ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்கிறாள். டோரிஸ் தோளைக் குலுக்கிவிட்டுச் சொல்கிறாள், "மத்தியானம் என்னோடு சாப்பிட வேறு யார் இருந்தார்கள்?" அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போகிறார்கள். வாங்கில் பாதிப் பாண் கிடக்கிறது. படம் முடிந்தது.

கன்னம் எல்லாம் ஈரம். விளக்கு இன்னும் போடவில்லை. ஆனெ என் பக்கம் குனிந்து, நீ சொல்லிக் கொடுத்த நம் தமிழில், மெல்லக் கேட்டாள்.

"அம்மா, கேக் நல்லமோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மழைக்கோட்டும் ஒன்றாக என் தலையில் வந்து விழுந்தன. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை டேனிஷில் சொன்னாள். அன்றைக்கு அந்தக் கடையில் அவள்தான் உனக்குக் காட்டினாளாம், அங்கே பார், அந்த மனுஷி சாப்பிட முன்னர் சிலுவை போடுகிறாள், எவ்வளவு வடிவு என்று. நீ திரும்பிப் பார்த்துவிட்டு அது என் அம்மா என்றாயாம். அவள் எழும்பி வந்து கைகொடுக்கப் பார்த்தாளாம், நீதான் விடவில்லையாம், வேண்டாம், கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கத்தில் செத்துப்போவா, ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்றாயாம். பிறகு தேங்காய்ப்பூக் கேக் அனுப்பினாயாம். ஜோனைக் கை காட்டிக் கொடுத்தது, உன் அம்மாவையும் கைதான் காட்டிக் கொடுத்தது! முழங்கால் வரை வேஷம் போட்டுவிட்டு, கேக்கைக் கண்டதும் இந்த மன்னார்க்காரி பிதா சுதன் என்று சிலுவை போட்டிருக்கிறாள். தியேட்டரில் நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே அழுதேன், ஆனெயும் அப்படித்தான்.

ஆனால் பிரஷர் கதை அவளுக்குத் தெரியவில்லை. நீ அப்பாவுக்காகப் போனாய் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதைச் சொல்லும்போது உன்னைப் பெருமையாகச் சொன்னாள். அது என்னைக் கொன்றது. திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்கட பிரஷரைச் சொல்லித்தான் நான் பொடியனை இஞ்ச இழுத்தனான். உங்களுக்கு ஒண்டும் இல்லை. நான் பொய் சொன்னனான்." அவர் பாணுக்குப் பட்டர் பூசுவதை நிறுத்தவில்லை.

"ஓம், தெரியும்" என்றார்.

"என்னெண்டு தெரியும்?"

"அவன் வாற ஒவ்வொரு சனிக்கிழமையும் என்ர கையில அந்தப் பட்டியைக் கட்டிப் பாத்தவன் எல்லே. ரெண்டாம் கிழமையே சொல்லிப் போட்டான், அப்பா, பிரஷர் எல்லாம் சரி, உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அம்மாட்டச் சொல்லாதேங்கோ எண்டு."

"பிறகேன் வந்தவன்?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "வேலையும் போய், நீ நாள் முழுக்க யன்னலுக்கை நிண்டனீ. அவனுக்குக் கண் இல்லையே?"

லாச்சியைத் திறந்து மெஷினை எடுத்து, பழைய கணக்கைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை சனிக்கிழமையாக, நூற்றிருபதுக்கு எண்பது, நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தெட்டு. ஒரு குளிர்காலம் முழுவதும் நீ உன் கையால் அளந்து, பொய் என்று தெரிந்துகொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலேறி வந்திருக்கிறாய்.

இப்போது உன் அம்மா உன்னைத் திட்டப் போகிறாள். பிழை என்னுடையது, முழுதும் என்னுடையது, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனெயிடமும் இந்தக் கடிதத்தை நீயே வாசித்துக் காட்டு, அவளிடமும் கேட்கிறேன். ஆனால் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அம்மா, நீங்கள் பொய் சொல்லுறியள், எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், இந்தச் சனிக்கிழமை வரமாட்டன்" என்று கத்தியிருந்தால் நான் மூன்று நாள் அழுதிருப்பேன், நாலாம் நாள் சமைத்திருப்பேன். உங்கள் இரண்டு பேருக்கும் அத்தனை வருஷம் மிஞ்சியிருக்கும். டோரிஸை நினைத்து நானும் உருகினேன்தான், ஆனால் யோசித்துப் பார், அவள் முதல் நாளே "நீ பொலிஸ்தானே" என்று கேட்டிருந்தால் இரண்டு பேரும் தப்பியிருப்பார்கள். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பில் ஒருவர் மறியலுக்கு, கம்பிக்குப் பின்னால், போக வேண்டியிருக்கிறது. உன் கல்யாணத்துக்கு நான் தரும் புத்தி இது ஒன்றுதான். ஆனெயை உளவு பார்க்காதே, அது என் பக்கத்துப் பரம்பரை வருத்தம். அவள் ஏதாவது பிழை விட்டால் தெரியாத மாதிரி நடித்துக் கேக்கும் அனுப்பாதே, அது உன் வருத்தம். எழும்பிப் போய் அவள் மேசையில் இருந்து கேள். சுவர் ஆடினால் ஆடட்டும்.

வேறு கண்களும் பார்க்கும் என்று சொன்னேனே, உனக்குச் சம்மதம் என்றால் இந்தக் கடிதத்தை நம் ஊர்த் தமிழ்ச் சங்கம் அச்சடிக்கும் மலருக்குக் கொடுக்கப் போகிறேன். ஊர் முழுக்க உளவு பார்க்கிறது, ஒருத்தியாவது பகிரங்கமாகச் சரணடையட்டும். பிலோமினாப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "என்ர பேரைப் போடாதை" என்றாள். போட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இந்த வெள்ளிக்கிழமை கல்யாண வேலை இருக்கிறது என்று நீ இங்கே வர நினைத்திருக்கிறாய். வராதே. சனிக்கிழமை நானும் அப்பாவும் அல்பர்ட்ஸ்லுண்டுக்கு வருகிறோம், அதே கோப்பிக் கடைக்கு. நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நாலு பேர் இருக்கக்கூடிய மேசையாகப் பிடித்து வை. தொப்பி போடமாட்டேன், கண்ணாடி போடமாட்டேன், தாலிக்கொடி வெளியில்தான் கிடக்கும். கேக் வந்ததும் சிலுவை போடுவேன். நீ தூரத்தில் இருந்து அனுப்பாமல், உன் கையால் என் தட்டில் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா